ரெட்ரோ ஆர்.சி. பக்கி கிட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

2023-இல் ஜப்பானின் டாமியா நிறுவனம் பிபிஎக்ஸ் என்ற பக்கியை, அதாவது மணலில் ஓடும் திறந்த வண்டியின் சின்ன வடிவத்தை, கொண்டுவந்ததிலிருந்து எனக்கு ஃபோன் ஓய்ந்தபாடில்லை. ஆர்.சி. எனப்படும் ரேடியோ கன்ட்ரோல் வண்டியே தொட்டிராதவர்கள் ஒருபக்கம், சின்ன வயதில் ஓட்டிவிட்டு இருபது வருடம் கழித்துத் திரும்பி வருகிறவர்கள் இன்னொரு பக்கம். ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன.

"அண்ணே, இது கடையில ரிமோட்டோட விக்கிற பொம்மை கார்தானே? இதுக்கு ஏன் இவ்வளவு விலை?"

இல்லை. பொம்மைக் காரில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் வண்டியே குப்பைக்குப் போகும். இது கிட். பெட்டியைத் திறந்தால் வண்டி இருக்காது, உதிரி பாகங்களும் ஸ்க்ரூ பைகளும் ஒரு கையேடும்தான் இருக்கும். நீங்கள்தான் கட்ட வேண்டும். எந்தப் பாகம் உடைந்தாலும் அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.

இங்கே பேசுகிற வண்டிகள் எல்லாம் பத்தில் ஒரு பங்கு அளவு. நீளம் ஏறக்குறைய நாற்பது சென்டிமீட்டர் வரும். மடியில் வைத்தால் மடி நிறையும்.

"பிபிஎக்ஸ்-ங்கறது எந்தப் பழைய வண்டியோட மறுபதிப்பு?"

எதனுடையதும் இல்லை. அதிகம் குழப்புகிற விஷயமே இதுதான். ரெட்ரோ பக்கி என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மறுபதிப்பு: அந்தக் காலத்து வண்டியையே, சில இடங்களில் மட்டும் திருத்தி, மறுபடி வெளியிடுவது. டாமியாவின் ஹார்னெட் 1984-இல் வந்தது, 2004-இல் திரும்பி வந்தது. கிராஸ்ஹாப்பரும் 1984தான், மறுபதிப்பு 2005. 1985-இல் வந்த ஹாட்ஷாட் 2007-இலும், 1979-இல் வந்த சேண்ட் ஸ்கார்ச்சர் 2010-இலும், 1985-இல் வந்த வைல்ட் ஒன் 2012-இலும் திரும்பின. டாமியா மட்டுமல்ல, அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் 1984-இன் ஆர்சி10 வண்டியை 2013-இல் மறுபடி விட்டது. ஜப்பானின் கியோஷோ 1982-இன் ஸ்கார்ப்பியனை 2014-இல் கொண்டுவந்தது.

இரண்டாவது வகை, பழைய சாயலில் புதிதாக வடிவமைத்த வண்டி. பிபிஎக்ஸ் இந்த வகை. பிபி-01 என்ற புது சேசிஸ், பின்சக்கர இயக்கம். தோற்றம் எண்பதுகளை நினைவூட்டும், ஆனால் அப்படி ஒரு வண்டி எண்பதுகளில் இருந்ததில்லை. "என் சின்ன வயசு வண்டி வேணும்" என்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். "அதே அச்சையே எத்தனை தடவை விப்பாங்க" என்று சலித்திருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் இரண்டாவது கூட்டம்.

"எல்லா பழைய பக்கியும் ஏன் ஒரே ஜாடையா இருக்கு? கம்பிக் கூண்டு, பின்னாடி தடி டயரு, முன்னாடி ஒல்லி டயரு?"

ஒரே குடும்பம் என்பதால்தான். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் இன்ஜின் பின்னால் இருக்கும், எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல் விழும். மணலில் புதையாமல் தள்ளிக்கொண்டு போக அது வசதி. கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964-இல் பீட்டிலின் பாகங்களுக்கு மேல் ஃபைபர் உடல் ஒன்றைக் கவிழ்த்து மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற பக்கியைச் செய்தார். மெக்ஸிகோவின் பாஹா பாலைவனத்தில் 1967-இல் நடந்த முதல் மெக்ஸிகன் 1000 பந்தயத்தில் ஜெயித்தது ஒரு மேங்க்ஸ்தான். அதற்குப் பிறகு வீட்டுக் கொல்லையிலேயே பீட்டிலை அறுத்து, குழாய் வளைத்து, பாலைவன வண்டி கட்டுகிற பழக்கம் பரவியது.

ஷிசுவோகாவில் இருக்கிற டாமியா 1979-இல் ரஃப் ரைடர், சேண்ட் ஸ்கார்ச்சர் என்ற இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்தபோது அந்த நிஜ வண்டிகளைத்தான் சிறிதாக்கியது. முன்பக்க சஸ்பென்ஷன்கூட பீட்டில் மாதிரியே பின்னோக்கி இழுபடும் கைகள் வைத்தது, அதுவும் உலோக வார்ப்பில். முன்டயரில் நீளவாக்கில் வரம்பு ஓடுவது மண்ணைக் கீறித் திசை திருப்ப. பின்டயரில் கட்டைகள் நிற்பது மணலைத் துடுப்புபோல் தள்ள. அழகுக்கு வைத்தவை இல்லை. காலப்போக்கில் அழகாகிவிட்டன.

"இப்போ வர்ற ரேஸ் பக்கிக்கு என்ன குறைச்சல்? ஏன் பழசுக்குத் திரும்பணும்?"

ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. இன்றைய பந்தய பக்கி கார்பெட்டிலும் செயற்கைப் புல்லிலும் தண்டவாளத்தில் போவதுபோல் போகும். ஆனால் எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடைக்கு வந்ததால் எல்லா நிறுவன வண்டியும் ஒரே முகம்: தாழ்ந்த ஆப்பு வடிவம், முன்னால் தள்ளிய கண்ணாடி, உள்ளே ஓட்டுநர் கிடையாது. பெயர் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டால் எனக்கே எது எதுவென்று தெரியாது.

ரெட்ரோ பக்கி ஒரு நிஜ வண்டியின் சின்ன உருவம். சரளையில், புழுதியில், காலி மனையில் ஓட்டுவதற்கானது. ட்ராக் போகிற எண்ணம் இருந்தால் இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிட்டு ரேஸ் வண்டி வாங்குங்கள். மனஸ்தாபம் இல்லை.

"பெட்டியில என்னென்ன வரும், நான் தனியா எதெல்லாம் வாங்கணும்?"

சேசிஸ், உடல், டயர், ஸ்டிக்கர் வரும். டாமியா கிட் என்றால் பெரும்பாலும் ஒரு மோட்டாரும் வரும். டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், ஸ்டியரிங் சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்), பேட்டரி, சார்ஜர், பெயின்ட் இவையெல்லாம் உங்கள் செலவு. ஈஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் தகராறு. ஒரே கிட்டில் சில நாடுகளுக்கு அது உள்ளே வரும், சில நாடுகளுக்கு வராது. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

டிரான்ஸ்மிட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையே போதும். அந்தக் காலத்தில் 27 மெகாஹெர்ட்ஸில் பத்துப் பேர் ஓட்டினால் யாரிடம் எந்த கிரிஸ்டல் (அலைவரிசையை முடிவுசெய்யும் சின்ன துண்டு) என்று கேட்டுத்தான் ஸ்விட்சைப் போட முடியும். அந்தத் தொல்லை போய்விட்டது.

"நான் இதுவரை ஒரு ஸ்க்ரூகூட முடுக்கினதில்ல. என்னால கட்ட முடியுமா?"

முடியும். டாமியா கையேட்டில் ஒவ்வொரு படிக்கும் வேண்டிய ஸ்க்ரூ நிஜ அளவிலேயே படமாகப் போட்டிருக்கும். கையில் இருப்பதைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். முதல் வண்டிக்கு கிராஸ்ஹாப்பர் அல்லது ஹார்னெட். சில சாயங்கால வேலை. பாகங்கள் அதிகமுள்ள வண்டியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ பைகளை எல்லாம் ஒரே நேரத்தில் கிழித்துக் கொட்டாதீர்கள். எந்தப் படிக்கு எந்தப் பையோ அதை மட்டும் திறக்க வேண்டும். ஒரு முறை ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டு, ஒரு சின்ன ஈ-கிளிப்புக்காக இரவு பதினோரு மணிக்குத் தரையில் படுத்து டார்ச் அடித்திருக்கிறேன். மறுநாள் காலையில் என் மனைவியின் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஸ்க்ரூ தலை மழுங்கிப்போச்சு சார். மட்டமான ஸ்க்ரூ போட்டிருக்காங்க!"

ஸ்க்ரூ மட்டமில்லை, உங்கள் ஸ்க்ரூடிரைவர் பொருந்தவில்லை. ஜப்பான் கிட்களில் இருக்கும் கூட்டல்குறித் தலை ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தரத்தில் இருக்கும். நம் வீட்டில் இருப்பது பிலிப்ஸ் வகை. பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் பிலிப்ஸ் முனை அந்தப் பள்ளத்தில் முழுதாக உட்காராது, அழுத்தித் திருகினால் எகிறித் தலையைச் சுரண்டிவிடும். ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூ தன் மறையைத் தானே வெட்டிக்கொள்ளும். நுனியில் கொஞ்சம் சோப்பைத் தொட்டுக்கொண்டால் லேசாக இறங்கும். தலை உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். இன்னும் அரைச் சுற்று என்று முடுக்கினால் மறை வழுக்கிவிடும். உலோகத்தில் உலோகம் ஏறும் இடத்துக்கு மட்டும் த்ரெட்லாக் எனப்படும் பசை போடுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் அது வெடிப்பு விடும்.

"பேரிங் மாத்தினாதான் நல்லா ஓடும்னு சொல்றாங்க. உண்மையா, இல்ல கடைக்காரர் தந்திரமா?"

உண்மை. பல கிட்களில் சக்கரம் சுற்றும் இடத்தில் பேரிங்குக்குப் பதில் புஷ் எனப்படும் பிளாஸ்டிக் வளையம்தான் கொடுப்பார்கள். புழுதி ஏறினால் அது தேயும், தேய்ந்தால் பல்சக்கரங்கள் சரியாகக் கவ்வாது. டாமியாவில் அதிகம் தேவைப்படுவது 1150 எனப்படும் அளவு: வெளிவிட்டம் 11, உள்விட்டம் 5 மில்லிமீட்டர். கட்டும்போதே போட்டுவிடுங்கள். பிறகு போடுவதென்றால் கியர்பாக்ஸை முழுக்கப் பிரிக்க வேண்டிவரும்.

கூடுதலாகச் செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்றால் அது இதுதான். அலுமினியத்தில் மினுமினுக்கும் நீல நிற உதிரிகள் அப்புறம்.

"லிப்போ பேட்டரி போடலாமா? பழைய வண்டிக்கு ஆகாதாமே?"

லிப்போ என்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. போடலாம், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. இந்த வண்டிகள் ஆறு செல் கொண்ட 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. இரண்டு செல் லிப்போ 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. பெரிய வித்தியாசம் இல்லை. அது வண்டிக்குள் உட்காருமா என்பதைப் பாருங்கள். பழைய வண்டிகளின் பேட்டரிக் குழி, உருண்டை செல்களை வரிசையாகச் சுருட்டிய வடிவத்துக்கானது. கெட்டிப் பெட்டியில் வரும் லிப்போவின் மூலைகள் இடிக்கும். மூலை உருண்ட வகையும் கிடைக்கிறது.

எச்சரிக்கை ஈஎஸ்சி பற்றி. லிப்போ செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும், உப்பிவிடும். பேட்டரி இறங்கியதும் வண்டியை நிறுத்துகிற வசதி எல்லா ஈஎஸ்சியிலும் இல்லை. டாமியா கிட்களில் அதிகம் வந்த டிபிஎல்இ-02எஸ் வகையில் அது கிடையாது. அப்படியானால் பேட்டரியின் பேலன்ஸ் வயரில் செருகும் சின்ன பஸர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது கத்தினால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

"பிரஷ்லெஸ் மோட்டார் போட்டா பறக்குமாமே?"

பறக்கும். எங்கே போய் விழும் என்பதுதான் தெரியாது. கிராஸ்ஹாப்பர் முதலில் 380 என்ற சின்ன மோட்டாரோடு வந்த வண்டி. ஹார்னெட் அதே குடும்பத்தில் 540 மோட்டார் பெற்ற முரட்டு அண்ணன். அந்த கியரும் சஸ்பென்ஷனும் அந்தச் சக்திக்காகத்தான் கணக்கிடப்பட்டவை. ரேஸ் மோட்டாரை மாட்டினால் நேர்ரோட்டில் வேகமாகப் போகும், முதல் வளைவில் கரணம் போடும், மூன்றாவது நாளில் பல்சக்கரம் பல்லைத் துப்பும்.

கொஞ்சம் வேகம் வேண்டுமென்றால் ஸ்போர்ட் ட்யூன்ட் போன்ற மிதமான பிரஷ் மோட்டார் போதும். அதற்கு முன் மேலே சொன்ன பேரிங். பிபிஎக்ஸ் புது வடிவமைப்பு என்பதால் இவற்றைவிடத் தாங்கும், ஆனால் இரண்டு சக்கர இயக்கமும் கட்டை டயரும் அங்கேயும் அப்படியேதான். புழுதியில் சக்தியை ஏற்ற ஏற்ற, வண்டி முன்னே போவதற்குப் பதில் பின்பக்கம் சுழலும்.

"என் ஹார்னெட் தவளை மாதிரி குதிக்குது. தப்பா கட்டிட்டேனா?"

சரியாகத்தான் கட்டியிருக்கிறீர்கள். ஹார்னெட் என்றால் குதிக்கும். அதன் பின்பக்கத்தில் இடது வலது சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்குவதில்லை. மோட்டார், கியர்பாக்ஸ், அச்சு மூன்றும் ஒரே கட்டியாகச் சேர்ந்து, முன்னால் ஓர் இணைப்பில் தொங்கி, பின்னால் இரண்டு டேம்பர்களில் (ஷாக் அப்சார்பர்) நிற்கின்றன. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மொத்தக் கட்டியும் சாயும். சக்கரத்தோடு சேர்ந்து ஆடுகிற எடை அதிகம் என்பதால், ஸ்பிரிங் அதைக் கீழே அழுத்தி நிறுத்துவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். போதாக்குறைக்கு காற்று நிரம்பிய மெத்தென்ற டயர், பந்து மாதிரி எம்பும்.

ஹார்னெட்டுக்குப் பின்னால் எண்ணெய் டேம்பர் உண்டு. கிராஸ்ஹாப்பருக்கு எண்ணெய் கிடையாது, ஸ்பிரிங்கும் உராய்வும்தான், அதனால் அது இன்னும் ஒரு படி மேலே. ஹார்னெட்டில் எண்ணெயைக் கொஞ்சம் கெட்டியானதாக மாற்றலாம். கிராஸ்ஹாப்பருக்கு எண்ணெய் டேம்பரே வாங்கிப் போடலாம். துள்ளல் குறையும், போகாது. போகவும் வேண்டாம் என்பேன். த்ராட்டிலை முழுக்க அழுத்தாமல் தட்டித் தட்டிக் கொடுத்து, குதிப்பு அடங்கும் கணத்தில் திருப்பக் கற்றுக்கொண்டால் இந்த வண்டியை விட மனசு வராது. எல்லாவற்றையும் மாற்றித் துள்ளலே இல்லாமல் ஆக்கிய நண்பர் ஒருவர் ஆறு மாதத்தில் அதை விற்றுவிட்டார். "என்னமோ போச்சு" என்பதற்கு மேல் அவரால் காரணம் சொல்ல முடியவில்லை.

"பாடிக்கு வீட்டில இருக்கிற ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாமா?"

முதலில் உடல் எந்தப் பொருள் என்று பாருங்கள். ஹார்னெட்டின் உடல் கண்ணாடிபோல் தெளிவான பாலிகார்பனேட். இதற்கு பாலிகார்பனேட்டுக்கென்றே வரும் பெயின்ட் வேண்டும், டாமியாவில் பிஎஸ் வரிசை. சாதாரண ஸ்ப்ரே அடித்தால் முதல் மோதலிலேயே செதில் செதிலாக உரியும். அடிப்பது உள்பக்கத்தில். அதனால் வரிசை தலைகீழ்: கருப்புக் கோடு, அடர் நிறம் முதலில், வெளிர் நிறம் கடைசியில். வெளியே ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை எல்லாம் காய்ந்த பிறகு உரியுங்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே சிலர் வண்டி கட்டுகிறார்கள்.

கிராஸ்ஹாப்பர், சேண்ட் ஸ்கார்ச்சர் இரண்டின் உடலும் கெட்டிப் பிளாஸ்டிக். இவற்றுக்கு டிஎஸ் வரிசை, வெளிப்பக்கத்தில். கிராஸ்ஹாப்பர் உடல் வெள்ளையாகவே வார்க்கப்பட்டது, பெயின்ட் அடிக்காமல் ஸ்டிக்கர் ஒட்டினாலே பார்க்கும்படி இருக்கும்.

"அந்த டிரைவர் பொம்மைக்கு இத்தனை மெனக்கெடணுமா?"

ஆமாம். ஆளில்லாத வண்டி ஓடினால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

"அப்பாவோட பழைய ஃப்ராக் பரண்ல கிடைச்சுது. மறுபதிப்போட பார்ட்ஸ் இதுக்குப் பொருந்துமா?"

பெரும்பாலும் பொருந்தும். மறுபதிப்பு வந்ததன் பெரிய லாபமே பழைய வண்டிகளுக்கு உதிரி கிடைத்ததுதான். ஆனால் சில இடங்களைத் திருத்தியிருப்பார்கள், அங்கே தனி ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடியாது. டாமியாவின் 1983 ஃப்ராக்கில் பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் முனை அறுகோணமாக இருக்கும். ஓட ஓட மூலை மழுங்கி வெறுமனே சுற்றும். அந்த வண்டியின் பேர்போன நோய் இது. மறுபதிப்பில் இந்த இணைப்பை மாற்றிவிட்டார்கள். அதனால் தண்டை வாங்கினால் அதன் ஜோடிக் கிண்ணத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

உடனே பேட்டரியை மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். பழைய டயர் வெடித்திருக்கும், பிளாஸ்டிக் வறண்டிருக்கும். வேகக் கட்டுப்பாடு சர்வோ தள்ளும் இயந்திர ஸ்விட்சாக இருக்கும், கூடவே சூடேறும் ஒரு ரெசிஸ்டர். அதைக் கழற்றி ஒரு டப்பாவில் பத்திரப்படுத்திவிட்டு ஈஎஸ்சி போடுங்கள். தூக்கி எறியாதீர்கள், காரணம் அடுத்த பதிலில்.

"மறுபதிப்பு வந்துட்டா ஒரிஜினலோட மதிப்பு போயிடாதா?"

இரண்டுவிதமாக நடக்கிறது. ஓட்டித் தேய்ந்த பழைய வண்டிக்கு, "வேறு வழியில்லை" என்று கொடுத்த விலை இறங்கும். பெட்டி பிரிக்காத அசலுக்கும், எல்லாப் பாகமும் அந்தக் காலத்ததாகவே இருக்கும் வண்டிக்கும் தேடி வருகிறவர்கள் தனி. அவர்கள் மறுபதிப்புப் பாகம் கலந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அதனால்தான் அந்த ரெசிஸ்டரைக்கூட எறியாதே என்றேன். விற்கும்போது எது அசல், எது மறுபதிப்பு என்று சொல்லி விற்பதுதான் நாணயம்.

"பீச் மணல்ல ஓட்டலாமா? பேரே சேண்ட் ஸ்கார்ச்சர்தானே?"

பேரில் மணல் இருக்கிறது, உப்பு இல்லை. சேண்ட் ஸ்கார்ச்சருக்கு ரேடியோவை மூடிவைக்கத் தெளிவான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று உண்டு, எலெக்ட்ரானிக்ஸ் ஓரளவு தப்பிக்கும். ஆனால் அதன் உலோக வார்ப்புகளையும் ஸ்க்ரூக்களையும் பேரிங்கையும் கடல் ஈரம் தின்றுவிடும். மோட்டாரின் காற்றுத் துளை வழியே போகும் மணல் பிரஷ்ஷை அரைக்கும். ஆற்று மணலோ காய்ந்த செம்மண்ணோ நல்லது. ஆசை அடங்காமல் கடற்கரையில் ஓட்டிவிட்டால் அன்றிரவே பிரித்துத் துடையுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

"இதே காசுக்கு ரெடிமேடா, இதைவிட ரெண்டு மடங்கு வேகமா வண்டி கிடைக்குதே. நான் ஏன் இதை வாங்கணும்?"

வேகம்தான் வேண்டுமென்றால் வாங்க வேண்டாம். கேட்கிறவர் பதிலை ஏற்கெனவே வைத்துக்கொண்டுதான் கேட்கிறார் என்பது என் அனுபவம். வண்டி உடைந்தால் எந்த ஸ்க்ரூவைக் கழற்றி எதை மாற்றுவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல, அதை நீங்களே கட்டியிருக்க வேண்டும். அதற்குத்தான் கிட் விலை. விலை அதிகம் என்ற புலம்பலில் நியாயம் இருக்கிறது, குறிப்பாக மறுபதிப்புகளுக்கு. அச்சு பழசு, விலை புதுசு. பிபிஎக்ஸ் மாதிரிப் புதிதாக வடிவமைத்ததற்குக் கொடுப்பதில் எனக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல் இல்லை.

"கட்டி முடிச்சுட்டேன். ஓட்ட மனசே வரல, அழகா இருக்கு. அலமாரியில வெச்சா தப்பா?"

தப்பே இல்லை. சேசிஸுக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், ஸ்பிரிங்கும் சோர்ந்துபோகும். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், ஸ்டிக்கர் வெளுக்கும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள். லிப்போவாக இருந்தால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள், முழு சார்ஜில் மாதக்கணக்கில் விடக்கூடாது. கழற்றினாலும் பேட்டரி கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும். என் சேண்ட் ஸ்கார்ச்சர் அலமாரியில் தாங்கியது நாற்பது நாள்.